தகுதியுள்ளவர்கள் வரிசையில் நிற்கவும்

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரமே ஊருக்கு ஊர் உயர்கல்வி வழிகாட்டிக் கூட்டங்கள் தொடங்கிவிடும். ஏ.ஐ. படி, டேட்டா சயின்ஸ் படி, கால்நடை மருத்துவம் படி, எதுவும் கிடைக்கவில்லையா, கப்பலுக்குப் போ என்று மேடையிலிருந்து நாலா திசையிலும் கை காட்டுவார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கைதட்டவும் செய்வார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரைப் பார்த்து, "நீ கணக்கு டீச்சர் ஆகலாமேம்மா" என்று சொன்ன வழிகாட்டியை நான் இதுவரை கண்டதில்லை.

இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஆவதற்கு முழுமையான வழிகாட்டி. கட்டணம் கிடையாது. வயது வரம்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய சங்கதி அது.

முதலில் படிப்பு. விதி எளிதுதான்: கணிதத்தில் ஒரு இளநிலைப் பட்டம், அதன்மேல் ஒரு பி.எட். ஆனால் எது கணிதம் என்று யார் முடிவு செய்வது? சேர்க்கைக்கு ஆள் பிடிக்க வேண்டிய நெருக்கடியில் கல்லூரிகள் பட்டத்துக்குப் புதுப் பெயர் சூட்டின. பயன்பாட்டுக் கணிதம் என்றார்கள், கணினிப் பயன்பாட்டுடன் கூடிய கணிதம் என்றார்கள். மூன்று வருடம் அதே நுண்கணிதம், அதே இயற்கணிதம் படித்து வெளியே வந்தால், இந்தப் பட்டம் கணிதப் பட்டத்துக்கு இணையானதா என்று அரசுக்குச் சந்தேகம் வந்துவிடும். இணைத்தன்மைக் குழு கூடும், கோப்பு நகரும், அரசாணை வரும். இடப்பக்கம் சமம் வலப்பக்கம் என்று ஒரு கணக்கு மாணவன் பத்து வரியில் நிரூபித்துவிடுவான். அரசுக்கு அதை நிரூபிக்க ஒரு தலைமைச் செயலகம் தேவைப்படுகிறது. அதற்குள் விண்ணப்பிக்கக் கடைசித் தேதி போய்விட்டால் அடுத்த அறிவிக்கைக்குக் காத்திருங்கள். காத்திருப்பது இந்தப் பணிக்கான அடிப்படைத் தகுதிகளில் ஒன்று. அதற்குத்தான் சான்றிதழ் தருவதில்லை.

அடுத்து பி.எட். ஒரு வருடப் படிப்பாக இருந்ததை 2015-ல் இரண்டு வருடமாக்கினார்கள். ஒரு வருடத்தில் கற்றுத்தராததைக் கற்றுத்தர இன்னொரு வருடம் வேண்டியிருந்திருக்கும். சார்ட் எழுதுவீர்கள், ரெக்கார்டு நோட்டுகள் எழுதுவீர்கள், தெர்மாகோலில் பிதாகரஸ் தேற்றம் வெட்டி ஒட்டுவீர்கள். "ரெகுலரா வர்றீங்களா, வராமலேயா?" என்று சேர்க்கை அன்றைக்கே கேட்டுவிடும் நேர்மையான கல்லூரிகளும் உண்டு. வராமல் படிக்கக் கட்டணம் சற்றுக் கூடுதல். வராதவருக்கு வருகைப் பதிவு போடுவதும் ஒரு உழைப்புதானே.

பட்டம் வந்தது, பி.எட். வந்தது. ஆசிரியர் ஆகிவிட்டோம் என்று நினைத்தீர்களானால், நீங்கள் 2010-க்கு முன்னாலேயே வேலைக்குப் போயிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்தால், பதிவு மூப்புப்படி என்றைக்காவது கார்டு வரும். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், எட்டாம் வகுப்பு வரை நடத்த வேண்டுமானால் இனிமேல் டெட் என்னும் தகுதித் தேர்வில் தேறினால்தான் ஆசிரியர் என்று அறிவித்தது. பட்டம் ஒரு தகுதி, பி.எட். ஒரு தகுதி, அந்த இரண்டையும் வாங்கியவருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு தகுதி.

கணித ஆசிரியராகப் போகிறவர் எழுதும் டெட் இரண்டாம் தாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மொத்தம் 150 கேள்வி. குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, அறிவியல் 30, கணக்கு 30. பொதுப் பிரிவினர் தேற 90 மதிப்பெண் வேண்டும். நாலு பிரிவிலும் சேர்த்து கணக்கு இல்லாமலே 120 மதிப்பெண் இருக்கிறது. அதாவது, கணக்குப் பகுதியில் ஒரு கேள்விக்குக்கூட சரியான விடை எழுதாமல் ஒருவர் கணித ஆசிரியர் தகுதி பெறலாம். மாறாக, கணக்கில் முப்பதுக்கு முப்பது வாங்கிய ஒருவர் மற்றவற்றில் 59 எடுத்தால் தகுதியில்லாதவர். இதை யோசித்தவர்களுக்கு எந்தத் தகுதித் தேர்வும் வைக்கப்படவில்லை என்பது தாளைப் பார்த்தாலே தெரிகிறது.

தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலை 12 அன்று நடந்தது. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம். கேள்விக்கு 36 நொடி. படித்து, யோசித்து, கணக்குப் போட்டு, வட்டத்தைக் கருப்பாக்கவும் அதே 36 நொடிதான். ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. உடனே பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ஆசிரியர்களின் அறிவை எண்ணிச் சிரித்தன. நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றொன்பது பேர் பெயிலானால் பள்ளிக்கூடத்தில் அந்த வாத்தியாருக்கு மெமோ வரும். இங்கே மெமோ வாங்க வேண்டியவர்கள் பிரஸ் மீட் நடத்தினார்கள். பிறகு அந்த அக்டோபரிலேயே துணைத் தேர்வு வைத்து நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். முதல் முறை சோதிக்கப்பட்டது அறிவா, விரல் வேகமா என்று இன்றுவரை யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இனி ஒரு எண் தொடர் கணக்கு. போட்டித் தேர்வுக்குப் பயிற்சி எடுப்பவர்கள் கவனிக்கவும்: 181, 252, 71, 149, ... அடுத்த எண் என்ன?

விடை தெரியாமல் திணறாதீர்கள். இது கூட்டுத் தொடருமில்லை, பெருக்குத் தொடருமில்லை. அரசாணைத் தொடர். 2011-ல் 181: தகுதித் தேர்வு உண்டு. 2012-ல் 252: தேர்வில் தேறினால் போதாது, பிளஸ் டூ, பட்டம், பி.எட்., டெட் எல்லாவற்றுக்கும் வெயிட்டேஜ் போட்டுத் தரவரிசை. அந்த வெயிட்டேஜில் டெட்டில் 90 எடுத்தவருக்கும் 42, 104 எடுத்தவருக்கும் 42. தொண்ணூறும் நூற்றிநான்கும் சமம் என்று கணக்கு வாத்தியாருக்கே கணக்கு சொல்லித்தந்த ஆணை அது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் படிநிலை முறையை ரத்து செய்தது. 2014-ல் 71 வந்தது: பிளஸ் டூவுக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15, டெட்டுக்கு 60. பிளஸ் டூவில் ஆயிரம் எடுத்தாலே ஊர் பேசிய காலத்தில் படித்தவரும், மதிப்பெண் மழையாகக் கொட்டிய காலத்தில் படித்தவரும் ஒரே தராசில் நிறுத்தப்பட்டார்கள். மூத்தவர் தட்டு மேலே போனது. 2018-ல் 149: வெயிட்டேஜ் கிடையாது, டெட் தேறியவர்கள் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். அந்த ஆணைப்படியான பட்டதாரி ஆசிரியர் போட்டித் தேர்வு எப்போது நடந்தது தெரியுமா? 2024 பிப்ரவரி 4. ஒரு தேர்வு வைப்பது என்று முடிவெடுத்து அதை வைக்க ஐந்தரை வருடம். கேள்விக்கு 36 நொடி கொடுத்த அதே அரசு இயந்திரம்தான்.

இந்தத் தொடரின் நடுவில் நசுங்கியவர்கள் 2013 ஆகஸ்டில் டெட் தேறியவர்கள். தேர்வு முடிந்தபின், அதை எழுதிய இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு சலுகை வந்தது. 150-ல் 55 விழுக்காடு 82.5, அதை 82 என்று வைத்தார்கள். தசமப்புள்ளி ஆசிரியருக்குச் சாதகமாகத் திரும்பியதாக வரலாற்றில் எனக்குத் தெரிந்த ஒரே தருணம். சலுகையால் பட்டியல் நீண்டது, வேலை நீளவில்லை. சான்றிதழ் ஏழு ஆண்டுதான் செல்லும் என்றார்கள். 2020 வந்தது, சான்றிதழ் காலாவதி ஆனது. 2021-ல் ஒன்றிய அரசு மனமிரங்கி, சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றது. நல்லது. ஆயுள் முழுக்கச் செல்லும், எந்தப் பள்ளிக்கும்தான் செல்லாது.

149-ஐப் பிறப்பித்தது அ.தி.மு.க. ஆட்சி. எதிர்க்கட்சியாக இருந்து அதைக் கண்டித்தது தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் 2013-ல் தேறியவர்களுக்கு வேலை என்றும் எழுதியது. ஆட்சிக்கு வந்து, கண்டித்த அதே ஆணையைத் தூசி தட்டி அதன்படியே தேர்வு நடத்தியது. பரிமாற்றுப் பண்பு என்று எட்டாம் வகுப்பில் நடத்துவோம்: இடம் மாறினாலும் விடை மாறாது. 2023-ல் நுங்கம்பாக்கத்தில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்தபோது போலீஸ் வந்து வண்டியில் ஏற்றியது. வாக்குறுதியை நினைவூட்டியவர்கள் பொது அமைதிக்குப் பங்கம்.

இப்போது வயது வரம்பு. 2020-ல் திடீரென்று, பொதுப் பிரிவில் 40 வயதுக்கு மேலும் மற்ற பிரிவினரில் 45-க்கு மேலும் வராதீர்கள் என்றார்கள். பதினைந்து வருடம் காக்கவைத்துவிட்டு, "ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள்?" என்று கேட்கும் சாமர்த்தியம். எதிர்ப்பு கிளம்ப, படிப்படியாக ஏற்றி, 2023-ல் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று வள்ளல்தனம் காட்டினார்கள். ஓய்வு வயது 60. ஐம்பத்தெட்டில் பணியில் சேர்ந்து, தகுதிகாண் பருவம் இரண்டு வருடம் முடித்து, அன்று மாலையே பாராட்டு விழாவில் சால்வையும் வாங்கிக்கொண்டு போகலாம். பணியேற்பு மாலையையே வாடாமல் வைத்திருந்தால் செலவும் மிச்சம்.

அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது. 2022 ஜூனில் அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய். போராட்டம் கிளம்பிய பிறகு 15,000. அதே பள்ளியில், அதே பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில், நிரந்தரமாகச் சேரும் கணித ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் மட்டும் 36,400. இரண்டு பேரும் நடத்துவது ஒரே முக்கோணவியல்தான். சைன் 30 ஒருவருக்கு அரை, இன்னொருவருக்குக் கால் என்று மாறுவதில்லை. ஏப்ரல் வந்ததும் தற்காலிகருக்கு நன்றி. மே மாதம் அவருக்குப் பசிக்காது என்று கணக்கு. காலியிடம் இருக்கிறது என்பதை அரசே எண்ணிச் சொல்கிறது, தேறியவர் இருக்கிறார் என்பதையும் அரசே சான்றிதழ் போட்டுச் சொல்கிறது. இரண்டையும் சேர்க்கத்தான் அரசுக்குக் கூட்டல் வரவில்லை.

தனியார் பள்ளி என்னும் இன்னொரு வாசலும் உண்டு. அங்கே நுழைந்ததும் உங்கள் அசல் சான்றிதழ்கள் அலுவலக பீரோவுக்குள் போய்விடும், "சேஃப்டிக்காக." வருட நடுவில் நீங்கள் ஓடிவிட்டால் பத்தாம் வகுப்பு ரிசல்ட் என்னாவது? மாதம் பிறந்ததும் பதிவேட்டில் ஒரு தொகைக்கு எதிரே கையெழுத்து வாங்குவார்கள், கையில் இன்னொரு தொகை வரும். வங்கியில் போடச் சொல்லி உத்தரவு வந்ததும் நிர்வாகம் உத்தரவை மதித்தது: முழுத் தொகையும் வங்கியில் விழும், ஏ.டி.எம். அட்டை மட்டும் நிர்வாகத்திடம் இருக்கும். அன்று முதல் வகுப்பில் நீங்கள் லாப நட்டக் கணக்கு நடத்தும்போது அதன் மெய்ப்பொருள் தனியாகத் துலங்கும். கொரோனா காலத்தில் இந்த ஆசிரியர்கள் காய்கறி வண்டி தள்ளினார்கள், நூறுநாள் வேலைக்கு மண்வெட்டி எடுத்தார்கள். கட்டணத்துக்குக் கறாராகக் குறுஞ்செய்தி அனுப்பிய பள்ளிகள் சம்பளத்துக்கு மட்டும் ஊரடங்கு கடைப்பிடித்தன.

சரி, எல்லாவற்றையும் கடந்து அரசுப் பள்ளியில் நிரந்தரமாகவே சேர்ந்துவிட்டீர்கள். கற்பிக்கலாமா என்று கேட்காதீர்கள். எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஏற்ற வேண்டும், சர்வர் தூங்கும். அது எழுந்திருக்கும் நேரத்தில் உங்களுக்குப் பாடவேளை. வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலராகி, வீடு வீடாகப் படிவம் கொடுத்து, வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தால் திரும்பவும் போக வேண்டும். ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்திருந்தால் நீங்கள் 'உபரி'. பணிநிரவல் என்ற பெயரில் எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளி. நாட்டில் கணக்கு ஆசிரியருக்குப் பற்றாக்குறை. நீங்கள் மட்டும் உபரி.

மீதி நேரத்தில் செய்வது 35 தயாரிப்பு. பத்தாம் வகுப்புக் கணிதத் தாளின் சூட்சுமத்தை எந்த ஆசிரியர் அறையிலும் கேட்டுப் பாருங்கள், தூக்கத்தில் சொல்வார்கள். வடிவியல் வரைதல் 8, வரைபடம் 8, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. ஆக 30. முதல் பாடத்தில் கார்ட்டீசியன் பெருக்கல், ஒரு ஐந்து மதிப்பெண். கூட்டினால் 35, பாஸ். டிசம்பர் முடிந்ததும் மெல்லக் கற்போர் என்று பட்டியல் எடுத்து, மினிமம் மெட்டீரியல் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து, மாலை வகுப்பில் "முதல் கேள்விக்கு ஆ, இரண்டாவதுக்கு இ" என்று கோரஸ் சொல்லவைப்பார்கள். பின்னத்தைக் கூட்டத் தெரியாத பையன் தொடுகோட்டை அழகாக வரைவான். எதற்கு வரைகிறோம் என்று அவனுக்கும் தெரியாது, கேட்கவும் நேரமில்லை. நூறு சதவீதத் தேர்ச்சிக்குக் கேடயம் கிடைக்கும். கேட்டால் மீளாய்வுக் கூட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலர் நிற்கவைத்துத் திட்டுகிறார் என்பார்கள். திட்டுவது உண்மைதான். ஆனால் அந்தத் திட்டு வரும்வரை ஆறாம் வகுப்பிலிருந்து நாலு வருடம் கண்டுகொள்ளாமல் விட்டவர்களும், வகுப்பில் பாதியை நிறுத்தி மீதியை மாலை டியூஷனில் நடத்துகிறவர்களும் இந்த வர்க்கத்தில் இல்லையா? சங்கத்துக்குச் சங்கம் டி.ஏ. நிலுவைக்கு மறியல் உண்டு. பின்னம் நிலுவையில் இருக்கும் பையனுக்காக ஒரு தர்ணா நான் பார்த்ததில்லை.

இந்த நாட்டில் கணக்கு வாத்தியார் என்று ஒரு இனம் இருந்தது. சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு நடத்திய பி.கே. சீனிவாசன், பல்கலைக்கழகங்கள் செய்யத் தவறியதைச் செய்தார். ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968-ல் நினைவு மலர்களாகக் கொண்டுவந்தார். 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஒரு அருங்காட்சியகம் அமையக் காரணமாக இருந்தார். இன்று அவர் பணியில் இருந்தால், அந்தக் கடிதங்களைத் தேடப் போன நாட்களுக்குத் தற்செயல் விடுப்பு மிச்சம் இருந்ததா என்றுதான் கோப்பில் கேட்டிருப்பார்கள். அவர் செய்ததை ஏற்ற எமிஸில் கட்டம் கிடையாது.

கடைசி அதிர்ச்சி 2025 செப்டம்பர் 1 அன்று வந்தது. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேறாவிட்டால் கட்டாய ஓய்வு. ஐந்து வருடத்துக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் தேறாமலும் தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. இருபத்தைந்து வருடம் கரும்பலகையில் நின்றவர், தன்னிடம் படித்த பெண் நடத்தும் பயிற்சி மையத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை உளவியல் குறிப்பெடுக்கிறார். நீதிமன்றம் சட்டத்தைத்தான் படித்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 23-வது பிரிவு ஆசிரியருக்குத் தகுதி வேண்டும் என்கிறது. வேண்டும்தான். தகுதியில்லாதவர் என் பிள்ளைக்குக் கணக்கு நடத்துவதை நானும் விரும்பவில்லை.

ஆனால் அதே சட்டத்தில் மூன்றே எண் தள்ளி 26-வது பிரிவு ஒன்று இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அதற்கடுத்த 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை இழுக்கக் கூடாது என்கிறது. 23-ஐ மீறினால் ஆசிரியருக்குக் கட்டாய ஓய்வு. 26-ஐ மீறியதற்காக எந்தச் செயலருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தீர்கள்? எந்த இயக்குநரை இரண்டு வருடக் கெடு வைத்துத் தேர்வு எழுதச் சொன்னீர்கள்? எந்த அமைச்சரின் பதவி உயர்வு நின்றது? ஒரே சட்டம், ஒரே புத்தகம், ஒரே மொழி. சம்பளம் வாங்குகிறவனுக்கு எழுதிய வரி மட்டும் தடித்த எழுத்தில் தெரிகிறது, சம்பளம் கொடுக்க வேண்டியவருக்கு எழுதிய வரி கண்ணில் படுவதே இல்லை.

தகுதி என்ற பெயரில் இங்கே பதினைந்து வருடமாக நடந்தது காலத்தைக் கடத்தும் கலை. ஆணை மாற்றினால் வழக்கு வரும், வழக்கு இருக்கிறது என்று நியமனம் நிற்கும், நியமனம் நின்றால் சம்பளம் மிச்சம். இந்த மிச்சத்துக்கு விலை கொடுத்தவன் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். கணக்கு பீரியடில் பி.டி. சார் வந்து "சத்தம் போடாம படிங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவனுடைய அப்பாவிடம் டியூஷனுக்குப் பணமில்லை, அதனால்தான் அவன் அங்கே இருக்கிறான். அந்தப் பையன் வழக்குப் போட மாட்டான், டி.பி.ஐ.யில் உண்ணாவிரதம் இருக்க மாட்டான், அவனுக்கு இன்னும் ஓட்டும் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் இத்தனையும் நடக்கிறது.

தேர்ச்சி மதிப்பெண் எடுக்காதவர் அந்த வகுப்புக்குள் நுழையக் கூடாது என்பது சட்டம். சரி, யாருமே நுழையாத வகுப்பை வருடக்கணக்கில் நடத்தலாம் என்பது எந்தச் சட்டம்?